களர் மண் செத்த மண்ணா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மணப்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கி, இரண்டு வருடத்துக்கு முன் 120 தென்னங்கன்று வைத்தீர்கள். கன்றுகள் எழும்பவில்லை, மட்டை மஞ்சளடிக்கிறது. மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கிறது, மண்வெட்டி இறங்குவதில்லை. பார்த்தவர்கள் "மண் செத்துப்போச்சு" என்கிறார்கள். ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் சேர்த்துப் புளிக்க வைக்கிற கரைசல்) ஊற்றினால் உயிர் வரும் என்கிறார் ஒருவர், மேல்மண்ணை வழித்துவிட்டு ஏரி வண்டல் அடியுங்கள் என்கிறார் இன்னொருவர். இந்த மண் திரும்புமா, எத்தனை வருடம் ஆகும் என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: இது யாரோ கெடுத்த மண்ணா, பிறவியிலேயே இப்படியா, நான் ஏமாந்துவிட்டேனா என்பது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மண்ணியல் படித்தவன். இருபத்து மூன்று வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை, கரூர்ப் பக்கத்து மாதிரிகள்தான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் களர், அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண், என்றுதான் மனதில் பட்டது. ஆனால் படத்தையும் விவரத்தையும் வைத்து யாராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது, சொன்னால் நம்பவும் வேண்டாம். கீழே எழுதுவதில் எங்கும் நிலைநாட்டப்பட்ட விஷயங்களும் உண்டு, உங்கள் வயலில் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற விஷயங்களும் உண்டு. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் மண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் அடியில் கிடப்பது கிரானைட், நைஸ் வகையைச் சேர்ந்த மிகப் பழைய படிகப் பாறை. அதில் வெள்ளையாகவும் வெளிர்சிவப்பாகவும் தெரிகிற கனிமத்துக்கு ஃபெல்ட்ஸ்பார் என்று பெயர். மழைத் தண்ணீரில் கரைந்த கரியமில வாயு லேசான அமிலமாகி அதை அரிக்கிறது, வேர் விரிசலை அகலமாக்குகிறது, ஆயிரக்கணக்கான வருடத்தில் அந்தக் கனிமம் களியாக மாறுகிறது. மாறும்போது அதற்குள் இருந்த கால்சியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். மேட்டில் இருந்தால் அவை மழையோடு ஓடிவிடும், இரும்பு மட்டும் தங்கி மண்ணுக்குத் துரு நிறம் கொடுக்கும், அதுதான் செவ்வல். ஓடினது பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஹான்ஸ் ஜென்னி என்ற மண்ணியலாளர் 1941இல் மண்ணை உருவாக்குகிற காரணிகளை ஐந்தாக வகுத்தார்: தாய்ப்பொருள், தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம். உங்களுக்கும் மேட்டில் இருக்கிற பக்கத்துக் காட்டுக்காரருக்கும் இதில் நான்கு கிட்டத்தட்ட ஒன்றேதான். ஏற்ற இறக்கம் ஒன்றுதான் வேறு. அவருடையது செவ்வலாகவும் உங்களுடையது சாம்பல் நிறக் களியாகவும் இருந்தால் யாரும் கெடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. களருக்கான விதை பாறையிலும் பள்ளத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை முளைக்க வைப்பது பெரும்பாலும் நாம் பாய்ச்சுகிற தண்ணீர், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சோடியம் என்ன செய்கிறது என்பது. களித்துகள் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடு, அதன் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கும். கால்சியம் போல இரட்டை நேர்மின்னேற்றம் உள்ளது இரண்டு தகடுகளுக்கு நடுவே நின்றால் அவை இறுகிக் கட்டியாகும், கட்டிகளுக்கு இடையில் காற்றும் தண்ணீரும் போக வழி இருக்கும். சோடியத்துக்கு ஒற்றை மின்னேற்றம்தான், தன்னைச் சுற்றித் தண்ணீரை நிறையச் சேர்த்துக்கொண்டு பருத்து நிற்கும், தகடுகளைப் பிடித்து வைக்காது. மழை பட்டதும் தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து மிதந்து, இருக்கிற துளைகளை எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஈரத்தில் வழுக்கு, காய்ந்தால் கல் என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதை வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் நிலத்திலிருந்து நன்றாகக் காய்ந்த, கோலிக்குண்டு அளவு மண்கட்டி ஒன்றை எடுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரோ கடையில் பேட்டரிக்கென்று விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரோ (அமிலம் அல்ல) ஊற்றி, கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள், கலக்காதீர்கள், ஆட்டாதீர்கள், இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். கட்டி உடைந்து குவியலாகச் சரிந்து, தண்ணீர் தெளிவாக நின்றால் பிரச்சினை வேறு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு வெண்மூட்டம் பரவினால் களித்தகடுகள் பிரிகின்றன, சோடியம் அதிகம். போர்வெல் தண்ணீரில் செய்யாதீர்கள், அதில் இருக்கிற உப்பே களியைச் சேர்த்துப் பிடித்துப் பொய்யான தெளிவைக் காட்டிவிடும். கூடத்துக்கு வருகிற விவசாயிகளுக்கு இதைச் செய்து காட்டுவேன், அறிக்கையில் இருக்கிற எண்ணைவிட அந்த டம்ளர்தான் அவர்களுக்கு மனதில் நிற்கும்.

பேச்சில் நாம் உவர், களர் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம், அது பெரிய குழப்பம். மண்ணியலில் உவர் என்றால் கரையும் உப்பு அதிகம். களர் என்றால் களியின் மேல் ஒட்டிய சோடியம் அதிகம். மண்ணைத் தண்ணீரில் குழைத்து வடித்த நிறைவு நிலைச் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர். களியின் மேல் இருக்கிற மொத்த நேர்மின் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர், அதில் பொதுவாக பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டுகிற எண்) 8.5க்கு மேல் நிற்கும். இரண்டும் சேர்ந்த களர் உவரும் உண்டு. ஒரு எச்சரிக்கை, பல கூடங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்துதான் கடத்துதிறன் பார்ப்பார்கள், அந்த எண் குறைவாக வரும், 4 என்ற அளவுகோலை அதோடு ஒப்பிடக்கூடாது. பிரித்துப் பார்க்காவிட்டால் வைத்தியம் மாறிப்போகும். உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும், கழுவினால் போய்விடும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்களில் கடல்நீர் ஏறியபோது இனி எத்தனை காலத்துக்கும் விளையாது என்று பயந்தார்கள், ஆனால் அடுத்தடுத்த பருவமழை உப்பை அடித்துக்கொண்டு போனதில் வடிகால் இருந்த வயல்கள் பலவற்றில் சீக்கிரமே நெல் திரும்பியது. களர் அப்படிக் கழுவினால் போகாது. சோடியம் களியோடு ஒட்டியிருக்கிறது, அந்த இடத்தில் வந்து உட்கார வேறொன்று இருந்தால்தான் அது இடத்தை விடும். தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிற நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர், அதில் மிகப் பெரும்பகுதி களர்தான். நீங்கள் தனியாக இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். போர் எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். கடினப் பாறைக்குள் ஆழமாகப் போகிற போர்களில் வருகிற தண்ணீர் பாறையோடு நீண்ட காலம் கிடந்த தண்ணீர், பைகார்பனேட் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பாய்ச்சி வெயிலில் ஆவியாக விடும்போது, பைகார்பனேட் மண்ணில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடும். மிஞ்சுவது சோடியம். ஒவ்வொரு பாய்ச்சலும் கொஞ்சம் கால்சியத்தை வேலையிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் சோடியத்தை உட்கார வைக்கிறது. தண்ணீர் அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஒரு வரி இருக்கும், லிட்டருக்கு 2.5 மில்லிசமானத்துக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு ஆகாது என்பது பொது விதி. நல்ல நிலம்கூட இப்படிப்பட்ட தண்ணீரில் சில வருடங்களில் களராவதை நான் மாதிரிகளிலேயே பார்த்திருக்கிறேன், ஒரே குடும்பம் ஐந்தாறு வருட இடைவெளியில் கொண்டுவந்த மண்ணில் பிஎச் ஏறியிருந்தது, இடையில் மாறினது கிணற்றிலிருந்து போருக்குப் போனது ஒன்றுதான். அதனால் மண்ணோடு தண்ணீரையும் கொடுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, நிரப்பி, அன்றோ மறுநாளோ சேர்த்துவிடுங்கள். மண்ணை ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுங்கள், வரப்போரம், எருக்குழி, மரத்தடி வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு இடத்திலாவது அரை அடி, ஒரு அடி, இரண்டு அடி என்று ஆழம் பிரித்துத் தனித்தனியாக எடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மட்டும் பார்த்துக் கொடுத்தால் உங்களுக்குப் பயனில்லை. சோடியம், கால்சியம், மக்னீசியம், ஜிப்சம் தேவை இத்தனையும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

சோதனையில் களர் என்று உறுதியானால் வைத்தியம் தெளிவானது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வடிகால், ஜிப்சம், தண்ணீர், பசுந்தாள், இந்த வரிசையில். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட், அதில் இருக்கிற கால்சியம் களியின் மேல் உட்கார்ந்து சோடியத்தை இறக்கும், இறங்கிய சோடியம் சல்பேட்டாகித் தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீர் வெளியே போகாவிட்டால் செய்தது அத்தனையும் வீண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிஎச்சை மட்டும் பார்த்துவிட்டு ஜிப்சம் போடுங்கள் என்று ஒரு பெரியவருக்கு எழுதிக் கொடுத்தேன், வடிகால் உண்டா என்று கேட்கவில்லை. அடுத்த வருடம் அதே வயலின் கட்டியைச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. தட்டிப் பார்த்தேன், ஓட்டுச்சில்லு மாதிரி சத்தம் கேட்டது. அவர் செலவழித்த பணம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால் முதல் செலவு வாய்க்கால் வெட்டுவதாக இருக்கட்டும், வயல் மட்டத்துக்கு இரண்டு அடியாவது கீழே, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். வடிகிற தண்ணீர் அடுத்தவர் வயலில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அதில் போவது உங்கள் சோடியம்.

ஜிப்சம் அளவை அறிக்கை சொல்லும், வழக்கமாக அதில் பாதியை முதலில் போடச் சொல்வோம். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ போடுகிறார்களே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது, அது காய்க்காகப் போடுவது. களருக்கு ஏக்கருக்கு ஒன்றரை டன், இரண்டு டன் என்று வருவது சகஜம். சிறு பாத்திகளாக வரப்புக் கட்டி, மண்ணை உழுது, ஜிப்சத்தை மேலாகத் தூவி, மேலாக மட்டும் கலந்து, தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுதான் கரையும். ஒன்றரை டன் கரைய ஆறு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும், ஒரு ஏக்கரில் அது அரை அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். கரைவதற்கே இவ்வளவு, கழுவி இறக்க இன்னும் வேண்டும். போர் ஒன்றை நம்பி, அதுவும் பைகார்பனேட் தண்ணீரை நம்பி இதைச் செய்ய முடியாது. ஐப்பசி மழையை நம்பித்தான் செய்ய வேண்டும். புரட்டாசிக்குள் வரப்பு, வடிகால், ஜிப்சம் எல்லாம் தயாராக இருந்தால் வானத்துத் தண்ணீர் அந்த வேலையைச் செய்யும். சுண்ணாம்பும் கால்சியம்தானே, மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், போடாதீர்கள், இந்த பிஎச்சில் அது கரையாது.

ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கிற சுண்ணாம்பு வேறு கதை, எனக்குக் களரில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். ஒரு அடிக்குக் கீழே வெட்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தட்டுப்படலாம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அது முழுவதும் கால்சியம்தான், பூட்டி வைத்த கால்சியம். அதைத் திறக்கிற சாவி கரியமில வாயு. தண்ணீர் நிற்கிற மண்ணில் பசுந்தாள் மட்கும்போதும், நெல்வேர் மூச்சு விடும்போதும் கரியமில வாயு சேரும், அது தண்ணீரில் கரைந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், பாறை மண்ணானபோது நடந்த அதே வேலைதான். களரில் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் செடியை விதைக்கச் சொல்வதற்கும், முதல் பயிராக நெல்லைச் சொல்வதற்கும் இதுவும் ஒரு காரணம். தக்கைப்பூண்டு களரையும் தேங்கிய நீரையும் தாங்கும், பூப்பதற்கு முன் மடக்கி உழுதுவிடுங்கள். நெல்லில் களருக்கென்றே டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 ரகங்கள் உண்டு, உங்களுக்குப் பக்கத்திலேயே நவலூர் குட்டப்பட்டில் இருக்கிற வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்தவை. அந்தக் கல்லூரி நிலமும் களர்தான், ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். துத்தநாகப் பற்றாக்குறை களரில் பெரும்பாலும் வரும், ஜிங்க் சல்பேட் சாதாரண வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ என்றால் இங்கே 15 கிலோ.

சரி, ஜீவாமிர்தம். அதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மண்ணில் மற்ற உழவு முறைகளோடு சேர்த்துச் செய்து நன்றாக எடுக்கிறவர்களை அறிவேன். ஆனால் உங்கள் மண்ணில் இல்லாதது காற்று. துளை அடைத்த மண்ணில் எத்தனை கோடி நுண்ணுயிரை ஊற்றினாலும் அவை வாழ இடமில்லை. வீடு கட்டிவிட்டுக் குடியேற்றுங்கள், தாங்களாகவே வரும். ஹியூமிக் அமிலம், காந்தத் தண்ணீர்க் கருவி, கேனில் வருகிற களர் நிவாரணி இவற்றில் பணம் போடுவதற்கு முன், இரண்டு பாத்தியில் மட்டும் போட்டு, பக்கத்தில் போடாத இரண்டு பாத்தியை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். மட்கு சேர்ப்பது உறுதியாக நல்லது, ஆனால் அதன் வேகம் பற்றி வெளியில் சொல்லப்படுவது மிகை. ஒரு ஏக்கரில் அரை அடி மண்ணின் எடை சுமார் 900 டன். கரிமம் 0.1 சதவீதம் கூட வேண்டும் என்றால் மண்ணில் 900 கிலோ கரிமம் தங்க வேண்டும். 5 டன் தொழுவுரம் போட்டால் ஈரம் போக அதில் இருக்கிற கரிமம் முக்கால் டன் அளவுதான், நம் வெக்கையில் அதில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் மட்கிக் காற்றோடு போய்விடும். கரிமம் 0.3 சதவீதத்திலிருந்து 0.6க்கு வர, விடாமல் செய்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் தோராயக் கணக்கு, உரத்தின் தரம், உழவு, நிழல் எல்லாவற்றையும் பொறுத்து மாறும்.

மேல்மண்ணை வழித்துவிட்டு வண்டல் அடிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். வழித்தால் அடியில் இருப்பது மேலே வரும், அது பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கும். வண்டல் செவ்வல் மணலுக்கு அருமையான மருந்து, ஆனால் களிக்கு மேல் களியைக் கொட்டி என்ன பயன், அதுவும் அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது களர்ப் பள்ளங்கள் வழியாக என்றால் வண்டலிலேயே சோடியம் இருக்கலாம். வாங்குவதற்கு முன் அதையும் டம்ளரில் போட்டுப் பாருங்கள். செங்கல் சூளைக்கு இரண்டு அடி மண்ணை விற்றுவிட்டு, நிலம் திரும்புமா என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒரு அங்குல மண்ணுக்கே சில நூறு முதல் ஆயிரம் வருடம் வரை ஆகலாம். உங்கள் மண் எங்கேயும் போகவில்லை, அங்கேயே இருக்கிறது, கட்டுமானம்தான் குலைந்திருக்கிறது.

எத்தனை வருடம் என்பதற்கு வருகிறேன். வடிகாலும் மழையும் ஒத்துழைத்தால் மேல் அரை அடி ஓரிரண்டு பருவத்தில் மாறத் தொடங்கும், மழை பெய்த மறுநாளே தண்ணீர் வற்றுகிறதா என்பதில் அது முதலில் தெரியும். இரண்டு அடி ஆழத்துக்கு அது போய்ச் சேரச் சில வருடங்கள். தண்ணீர் அறிக்கை மோசமாக வந்தால் சீர்திருத்தம் ஒரு தடவையோடு முடியாது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஜிப்சம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மழைத் தண்ணீரைப் பிடிக்கப் பண்ணைக்குட்டை ஒன்று வெட்ட வேண்டியிருக்கும். முதல் வருட மகசூல் என்ன வரும் என்று யார் சொன்னாலும் அது ஊகம்.

தென்னைக்கு. தென்னை உப்பை ஓரளவு தாங்கும், வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கி மூச்சு முட்டுவதைத் தாங்காது. இருக்கிற கன்றுகளில் குருத்து உயிரோடு இருப்பவற்றைச் சுற்றி மண் அணைத்து மேடாக்கி, இரண்டு வரிசைக்கு நடுவே வடிகால் எடுங்கள். போன கன்றுக்குப் பதில் புதுக் கன்று இப்போது வைக்காதீர்கள், இரண்டு மழைக்காலம் போகட்டும். அதற்குள் ஓரத்தில் மரம் வேண்டும் என்றால் வேம்பு, புங்கு, நாட்டுக் கருவேல், நெல்லி வரும். ஹரியானாவில் கர்னாலில் 1969 முதல் இயங்குகிற மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் மரத்துக்கு என்று ஒரு முறையைப் பரவலாக்கியது: குழியை அகலமாக எடுக்காமல் துளைக்கருவியால் மூன்று நான்கு அடி ஆழத்துக்கு ஒடுக்கமாகத் துளைத்து, கீழே இருக்கிற கெட்டித் தட்டை உடைத்து, ஜிப்சமும் எருவும் கலந்த மண்ணை நிரப்பி நடுவது. கூலி குறைவு, வேர் நேரே கீழே போகும். உங்கள் வேலியோரம் சீமைக்கருவேல் இருந்தால் அதன் அடியில் ஒரு பிடி மண் தனியாக எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். அதைப் பரவ விடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் களரில் அதன் இலை உதிர்ந்து மட்கின இடத்தில் பிஎச் இறங்குவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வெளியிலிருந்து எதுவும் வாங்கிப் போடாமல் உங்கள் மண் எவ்வளவு தூரம் திரும்பும் என்பது அந்த ஒரு பிடியில் ஓரளவு தெரிந்துவிடும். அறிக்கைகள் வந்ததும் மண், தண்ணீர் இரண்டின் எண்களையும் இங்கேயே எழுதுங்கள், ஜிப்சம் அளவைச் சேர்ந்தே கணக்குப் போடலாம்.